பதினோரு பேருக்கு நான் சாட்சி

நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கி வாங்க வேண்டுமென்றால் முதலில் நம்மை நன்கு அறிந்த இரண்டு பேரைக் காட்ட வேண்டும். சொந்தக்காரர்களாக இருக்கக்கூடாது. விண்ணப்பம் போட்டதும் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போகும். திறந்தால் சில கேள்விகள். இவரை எத்தனை ஆண்டுகளாகத் தெரியும், குடிப்பழக்கம் உண்டா, போதைப் பழக்கம் உண்டா, உங்களுக்குத் தெரிந்து மனநலப் பாதிப்பு ஏதும் உண்டா, இவர் கையில் துப்பாக்கி இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா. ஆண்டுக் கணக்கை நிரப்பி, மற்ற எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று அழுத்திவிட்டுக் கீழே பெயரை அடித்தால் முடிந்தது. இரண்டு நிமிடம் கூட ஆகாது. நான் பதினோரு பேருக்கு அப்படி அழுத்தியிருக்கிறேன். அதில் ஒருவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுக்குள் ஆட்கள் நுழைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. நான் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் அங்கி போட்ட இருவர் வந்து, தண்ணீர் கம்பெனி, தெருவில் குழாய் உடைந்திருக்கிறது, உள்ளே பார்க்க வேண்டும் என்றார்கள். ஒருவன் என்னைச் சமையலறைக் குழாயின் முன்னால் நிறுத்தி, நிறம் மாறுகிறதா பாருங்கள், மாறுகிறதா பாருங்கள் என்று பேசிக்கொண்டே இருந்தான். மற்றவன் மாடிக்குப் போனான். இந்தியர் வீடுகளில் நகை படுக்கையறையில்தான் இருக்கும் என்பது இந்தப் பக்கம் திருட வருகிற எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலென்று பள்ளிக்குப் போகாமல் என் மகள் மாடியில் படுத்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்கு அது உறைத்தபோது உடம்பில் ஒரு விரலும் அசையவில்லை. கத்தினால் மேலே இருப்பவன் என்ன செய்வான் என்று தெரியாமல் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் துணி அலமாரிக்குள் இருந்தாள். பள்ளியில் துப்பாக்கியோடு ஒருவன் வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே பழக்குகிறார்கள். விளக்கை அணை, போனைச் சத்தமில்லாமல் வை, சுவரோடு ஒட்டி உட்கார், யார் தட்டினாலும் திறக்காதே. பதின்மூன்று வயதுப் பெண் அதை அப்படியே செய்திருக்கிறாள். அவர்கள் போன பிறகு நான் கூப்பிட்டும் வெளியே வரவில்லை. தமிழில் ஏதாவது சொல், அப்போதுதான் திறப்பேன் என்று உள்ளிருந்து ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு அந்த நேரத்தில் ஒரு தமிழ் வார்த்தையும் வரவில்லை. கடைசியில் அவளைக் குழந்தையில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொன்னேன்.

போலீஸ்காரர்கள் நல்லபடியாகப் பேசினார்கள். உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றார்கள். என் கணவர் கேமரா வாங்கி மாட்டினார், பிறகு நாய் வாங்கலாமா என்றார். நான் விண்ணப்பம் போட்டேன். கைரேகை, படிவங்கள், காத்திருப்பு என்று பல மாதம் ஆயிற்று. அது சரியா தவறா என்று இங்கே வாதாடப் போவதில்லை. அந்தக் குழாயின் முன்னால் நின்றபோது எடுத்த முடிவு அது. இன்றும் மாறவில்லை.

அடுத்த வருடம் எங்கள் டவுன்ஷிப் கவுன்சிலில் ஒரு புதிய விதி பரிசீலனைக்கு வந்தது. பள்ளி, டேகேர், கோயில், சர்ச், பூங்கா எதற்கும் அருகில் துப்பாக்கிக் கடையோ ரேஞ்ச் எனப்படும் சுடும் பயிற்சிக்கூடமோ இருக்கக்கூடாது. கேட்பதற்கு நியாயமாக இருக்கும். வரைபடத்தை எடுத்து வட்டம் போட்டுப் பார்த்தால் மிச்சமிருப்பது ரயில் தண்டவாளமும் குப்பை கொட்டும் இடமும்தான். நான் பழகிய ரேஞ்சின் குத்தகை அந்தக் கோடையில் முடிகிறது. புது இடத்துக்கு மாற வழியில்லாமல் போகும். பக்கத்து ஊர்களும் அதே விதியை எடுத்துக்கொள்ளக் காத்திருந்தன. ஐந்து கவுன்சில் உறுப்பினர்களில் நான்கு பேர் ஆதரவு என்று பேச்சு.

எதிர்ப்பவர்கள் ஒரு சிறு குழு. காப்பீட்டு முகவராக இருக்கும் ஒருவர் நடத்தினார். என் வயதுக்காரர், இந்த ஊரிலேயே பிறந்தவர், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. முதல் கூட்டத்திலேயே, அரசியல் சாசனத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். நமக்கு உரிமை இருக்கிறது என்று சொன்னால் அவர்கள் காதை மூடிக்கொள்வார்கள், நமக்கு என்ன நடந்தது என்று சொன்னால் கேட்டே ஆக வேண்டும் என்பார். வாசகம் எழுதிய டீ-ஷர்ட் கூடாது. ஒரே வாசகத்தை நகலெடுத்து மின்னஞ்சல் அனுப்பக்கூடாது, கையால் எழுதிய ஒரு கடிதம் நூறு மின்னஞ்சலுக்குச் சமம். ஒவ்வொரு உறுப்பினரையும் கூட்டத்துக்கு முன்னாலேயே தனியாகப் பார்க்க வேண்டும். நமக்கு எதிராக ஓட்டுப் போட்டவருக்கும் மறுநாள் நன்றி சொல்ல வேண்டும். பேச மூன்று நிமிடம் கொடுப்பார்கள். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடியில் முடிக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் டப்ளினில் இருக்கும் என் கல்லூரித் தோழி இதே வேலையைச் சில வருடங்களாகச் செய்கிறாள். அவளிடம் யோசனை கேட்டேன். அங்கே ஒவ்வொரு வருடமும் தோற்கிறோம், ஆனாலும் போகிறோம் என்றாள். "கோபத்தைக் காட்டிடாதே. அவங்க எதிர்பாக்குறதே அதைத்தான். புடவை கட்டிக்கிட்டுப் போ, மெதுவாப் பேசு, உன்னை என்ன பண்றதுன்னே அவங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொடுத்தாள். ஹூஸ்டனில் இருக்கும் என் தம்பிக்கு இதெல்லாம் வேடிக்கை. "எதுக்குக்கா இந்தக் கஷ்டம். இங்க வந்துடு. ஹில்க்ராஃப்ட் கடைத்தெருவுல புடவை எடுத்துட்டு, போற வழியில துப்பாக்கியும் எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம். நீ நல்லவளான்னு இங்க யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க" என்றான்.

ஆள் சேர்ப்பதுதான் என் வேலை. நம்மவர்கள் யாரும் அரசியல் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். அதனால் கூட்டம் என்றே சொல்லவில்லை. தமிழ்ப் பள்ளி விடுவதற்காக வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருக்கும்போது, சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகிறேன், வருகிறீர்களா என்று சாதாரணமாகக் கேட்பேன். பெண்கள்தான் முதலில் வந்தார்கள். அநேகமாக எல்லோருக்கும் ஒரு கதை இருந்தது. அவர்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ திருடர்கள் பின்கதவை உடைத்திருந்தார்கள். ஒரு முறை வந்தவர் மறுமுறை கணவரோடு வந்தார். ரேஞ்ச் முடிந்து யார் வீட்டிலாவது ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் சாப்பாடு. தயிர்சாதத்துக்கு நடுவே கவுன்சில் உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவோம். இரண்டு தெலுங்குக் குடும்பங்கள், ஒரு குஜராத்தி மருத்துவர், மற்றவர்கள் தமிழர்கள். விண்ணப்பம் போட முடிவு செய்தவர்கள் இயல்பாகவே என் பெயரைச் சாட்சியாகக் கொடுத்தார்கள். எனக்குத்தான் நடைமுறை தெரியுமே.

நாங்கள் எல்லோரும் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு. நான்தான் எழுதினேன். 'துப்பாக்கி வைத்திருக்கும் எங்கள் குடும்பங்களில் இன்று வரை ஒரு அசம்பாவிதம் கூட நடந்ததில்லை.' முகவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அட்டையில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தார். உறுப்பினர்களைத் தனியாகச் சந்தித்தபோதெல்லாம் அதைச் சொன்னோம். உண்மையாகவும் இருந்தது. ஒரு உறுப்பினர் எங்களோடு ரேஞ்சுக்கே வந்து பார்த்தார். நான்குக்கு ஒன்று என்றிருந்த கணக்கு மெல்ல மாறிக்கொண்டிருந்தது.

எங்களில் நன்றாகப் பேசக்கூடியவர் என் கணவரின் கல்லூரி ஜூனியர். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். பதினைந்து வருடப் பழக்கம். ஆறு நிமிட தூரத்தில் வீடு. அவர் பெண்ணும் என் பெண்ணும் ஒரே வகுப்பு. சபையில் எழுந்து நின்றால் அறை அமைதியாகும். யாரையும் புண்படுத்தாமல், லேசான சிரிப்போடு, வக்கீலைப் போல எடுத்து வைப்பார். அந்த வருடம் அவருக்கு வேலை போயிருந்தது. கன்சல்டிங் செய்வதாக வெளியே சொல்லிக்கொண்டிருந்தார். நவம்பரில் ஒரு விருந்தில் பாத்திரம் கழுவும்போது அவர் மனைவி என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். மூன்று மாதமாகத் தூக்கமில்லை, டாக்டர் மருந்து கொடுத்தார், இரண்டு வாரம் சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டார், காரில் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்கிறார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா. அண்ணன்கிட்ட கூட வேண்டாம்" என்றாள். என் கணவரிடமும் சொல்லவில்லை.

டிசம்பரில் அவருக்கான மின்னஞ்சல் எனக்கு வந்தது. அவர் விண்ணப்பித்தது எனக்குத் தெரியும். ரேஞ்சுக்கு முதலில் அழைத்துப் போனதே நான்தான். கேள்விகளைப் பார்த்தேன். பாத்திரம் கழுவும்போது அவள் சொன்னது நினைவுக்கு வரவில்லை என்று இப்போது எழுதினால் பொய். வந்தது. வந்தும் 'இல்லை' என்று அழுத்தினேன். ஒரு நொடிக்கு மேல் யோசிக்கவில்லை. சம்பந்தம் பேசும்போது பையனைப் பற்றி விசாரித்து யாராவது போன் செய்தால் நாம் என்ன சொல்வோம்? தங்கமான பையன் என்போம். குடியுரிமைக்கு நற்சான்றுக் கடிதம் கேட்டால் முகமே சரியாகத் தெரியாதவருக்கும் எழுதிக்கொடுப்போம். நம்மை நம்பி ஒருவர் பெயரைக் கொடுத்திருக்கும்போது அவரைப் பற்றிக் குறை சொல்வது நம்மிடம் இல்லாத பழக்கம். அந்தக் கேள்விகளை நான் கேள்விகளாகவே படிக்கவில்லை. அவர் எனக்குச் செய்த மரியாதைக்கு நான் செய்யும் பதில் மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. உரிமம் பெற்றவராக அவர் சபையில் பேசினால் அதன் எடையே வேறு. அதுவும் மனதில் இருந்தது.

மார்ச்சில் பொது விசாரணையும் வாக்கெடுப்பும் ஒரு வியாழக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை மதியம் அவர் மனைவி போன் செய்தாள். பேச்சு தெளிவாக இல்லை. "கராஜ்ல உக்காந்திருக்கார் அக்கா. மடியில துப்பாக்கிப் பெட்டி. கதவைத் திறந்தா மூடுன்னு சொல்றார். நீங்க வாங்க. போலீசைக் கூப்பிடாதீங்க. அண்ணனையும் கூட்டிட்டு வராதீங்க" என்றாள். அவர்கள் பெண் டான்ஸ் வகுப்பில் இருந்தாள், அதை என் பெண்ணிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டே வண்டியை எடுத்தேன்.

கராஜில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை, சவரம் செய்த முகம். பூட்டிய பெட்டி மடியில். அதன் மேல் இரண்டு கைகளும் பள்ளிக்கூடப் பையன் புத்தகப் பையை வைத்திருப்பதைப் போல இருந்தன. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன அண்ணி, ஆள் சேர்க்க வந்தீங்களா? நான்தான் ஏற்கெனவே மெம்பராச்சே."

"சாப்டீங்களா?"

"இல்ல."

"நானும் இல்ல. உள்ள வாங்க, சாப்பிடலாம்."

"கொஞ்ச நேரம் ஆகும் அண்ணி. ஒரு விஷயம் யோசிச்சுட்டு இருக்கேன்."

நான் சிமெண்ட் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். என்ன பேசினேன் என்பது முழுதாக நினைவில்லை. அவர் பெண் டான்ஸ் வகுப்பிலிருந்து வர ஒரு மணி நேரம் இருக்கிறது என்பது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கேட்கலாம் என்று தோன்றியது. கூடவே, பெர்மிட் இல்லாமல் ஒருவர் துப்பாக்கியை இன்னொருவர் வாங்கி வைத்துக்கொள்வது இந்த மாநிலத்தில் குற்றம் என்பதும் தோன்றியது. எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம். இப்படி ஒரு நேரத்தில் அதை யோசித்ததற்காக இன்றும் கூசுகிறேன். கடைசியில் சாவியைக் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இன்னொரு சாவி எங்கே என்றேன். "ரொம்பக் கெட்டிக்காரி அண்ணி நீங்க" என்று சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த சைக்கிள் ஹெல்மெட்டைக் காட்டினார். அதற்குள் ஒட்டியிருந்தது.

உள்ளே போய் மூவரும் சாப்பிட்டோம். ரசம் சாதம். அவர் பேச்சு வழக்கம்போல இருந்தது. வாசலில் வைத்து அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றேன். இரண்டு இன்டர்வியூ கடைசிச் சுற்றில் இருக்கிறது, பின்னணி விசாரணையில் ஏதாவது வந்துவிடும், ஊரே பேசும், பெண் பள்ளிக்குப் போக முடியாது என்றாள். திங்கட்கிழமை பழைய டாக்டரிடம் கூட்டிப் போவதாகச் சத்தியம் செய்தாள். நான் சரியென்று தலையாட்டினேன். அவளுக்காக ஆட்டினேன் என்றுதான் அப்போது நினைத்தேன். வியாழக்கிழமை என்ற சொல் ஒரு தரம் கூட எங்கள் இருவர் வாயிலும் வரவில்லை. நான் மறக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு டவுன்ஷிப் அரங்கம் நிறைந்திருந்தது. எங்கள் பக்கம் புடவையும் கோட்டும். எதிர்ப்பக்கம் ஒரே நிறச் சட்டை அணிந்த அம்மாக்கள், நானும் அவர்களும் பல பள்ளி விழாக்களில் ஒரே மேசையில் கேக் விற்றிருக்கிறோம். எனக்கு முன்னால் அவர்களில் ஒரு பெண் பேசினாள். இறந்துபோன தன் அண்ணனைப் பற்றி. எந்தத் திருடனும் வரவில்லை, எந்தக் கலவரமும் இல்லை, வேலை போன ஒரு மனிதன், ஒரு மோசமான மதியம், அவ்வளவுதான் என்றாள். குரல் உயரவே இல்லை. இரண்டு நிமிடம் ஐம்பது விநாடியில் முடித்தாள். அவர்களுக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து என் பெயர். நான் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் அலமாரியைப் பற்றியும் சொன்னேன். மகள் தமிழில் ஏதாவது சொல்லச் சொன்னதையும் சொன்னேன். கடைசியில் அந்த வாக்கியம் வந்தது. காகிதத்தில் அதன் மேல் கோடு போட்டு அடித்து வைத்திருந்தேன், காலையிலேயே. கோடு போட்டதையும் மீறிப் படித்துவிட்டேன். எங்கள் குடும்பங்களில் இன்று வரை ஒரு அசம்பாவிதம் கூட நடந்ததில்லை. மூன்றாம் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு சாவிகளும் என் கைப்பையில் இருந்தன. எனக்குப் பிறகு அவர் எழுந்து பேசினார். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாகப் பேசியிருக்க மாட்டார்.

மூன்றுக்கு இரண்டு. விதி தோற்றது. முகவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவர் கண் கலங்கியிருந்தது. நியூ ஜெர்சியில் இப்படி ஜெயிப்பது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் தோசை சாப்பிடப் போனார்கள். நான் தலைவலி என்று வீட்டுக்கு வந்தேன். மகள் கூட்டத்தைக் கணினியில் நேரலையாகப் பார்த்திருந்தாள். கராஜ் விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் பெண்ணே சொல்லியிருக்கிறாள், எங்களுக்குத் தெரியாமல் பிள்ளைகளுக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஜெயித்துவிட்டோம் என்றேன். "அம்மா, யூ செட் ஜீரோ" என்றாள். திட்டவில்லை. ஒன்று கூட இல்லை என்று நான் சொன்ன கணக்கில் தப்பு இருப்பதைக் காட்டுவது போல மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து ஜூனியர் போன் செய்தார். குரல் நன்றாக இருந்தது. டாக்டரைப் பார்த்தாயிற்று, மருந்து சாப்பிடுகிறேன் என்றார். வரும் சனிக்கிழமை புதியவர்களுக்குப் பயிற்சி, முகவர் என்னைத்தான் நடத்தச் சொல்லியிருக்கிறார் என்றார். பிறகு, "அந்தச் சாவி அண்ணி" என்றார். மறுநாள் பார்க்கலாம் என்று சமாளித்தேன். அவர் மனைவியைக் கேட்டேன். டாக்டரைப் பார்த்தாரா என்றால், அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறோம் என்றாள். மருந்து என்றால், வாங்கணும் என்றாள். "குடுத்துடுங்க அக்கா. இல்லன்னா பெட்டியை உடைச்சுடுவார். என்மேல கோவமா இருக்கார், உங்களைக் கூப்பிட்டேன்னு." அன்றிரவு கணவரிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்பது. அவன் என் ஜூனியர் என்று இரண்டு மூன்று தரம் சொன்னார்.

மறுநாள் காலை போலீஸ் நிலையத்துக்குப் போனேன். துப்பாக்கி விண்ணப்பங்களைப் பார்க்கும் அதிகாரிக்கு என்னை நன்றாகத் தெரியும். அன்பாக, இன்று யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். டிசம்பரில் ஒருவருக்காக நான் கொடுத்த பதில்களில் ஒன்று உண்மையில்லை என்றேன். எந்தப் பதில் என்றார். சொன்னேன். நவம்பரில் தெரிந்ததையும் மார்ச்சில் நடந்ததையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்து, நிமிர்ந்து, பொய் சொன்னதற்கு என்மேல் வழக்கு வரலாம் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். பிறகு என் பெயரில் இருந்த மற்றப் படிவங்களைத் திரையில் வரவழைத்தார். ஒன்றன் கீழ் ஒன்றாக, எல்லாம் ஒரே பதில்.

"இது ஒன்று மட்டும்தானா?" என்று கேட்டார்.

என்னால் ஆமென்று சொல்ல முடியவில்லை.

அன்று மதியமே இரண்டு போலீஸ்காரர்கள் ஜூனியர் வீட்டுக்குப் போனார்கள். சீருடையில்லாமல், அடையாளமில்லாத வண்டியில். அவர் மறுக்கவில்லை, தானாகவே ஒப்படைப்பதாகக் கையெழுத்துப் போட்டார், உரிமத்தையும் கொடுத்தார். என்மேல் இதுவரை வழக்கு எதுவும் வரவில்லை, வரலாம். அவர் மனைவி ஒரு செய்தி அனுப்பினாள். 'உங்களை நம்பித்தானே அக்கா கூப்பிட்டேன்.' அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டாள். விஷயம் எப்படியோ வெளியே வந்தது. முகவர் என்னைக் காபிக்கு அழைத்தார். சத்தம் போடவில்லை. நீங்கள் செய்தது சரியாக இருக்கலாம், ஆனால் அடுத்த முறை அந்த அரங்கத்தில் நாங்கள் எந்த வாக்கியத்தைச் சொல்வது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எங்களில் ஒருவருக்கு ஆபத்து வந்தபோது நாங்களே கண்டு, நாங்களே தடுத்தோம் என்று சொல்லலாம், அதுதான் இனிமேல் நமக்கு இருக்கும் ஒரே வாக்கியம் என்றேன். அவர் தலையசைத்தார். பேசுகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இப்போது இல்லை.

என் கணவரின் ஜூனியருக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தது. ஜூனில் வீட்டை விற்றுக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே கடைக்குள் நுழைந்தால் யாருடைய பெயரையும் கொடுக்க வேண்டியதில்லை. என் கணவர் மாதம் ஒரு முறை அவரைக் கூப்பிடுகிறார். எடுத்தால் கிரிக்கெட் பேசுவார்கள். எடுக்காத நாட்களில் கணவர் பின்பக்கத் தோட்டத்துக்குப் போய் மறுபடி போன் அடிக்கிறார். அவர் எடுத்துவிட்டார் என்று ஜன்னல் வழியாகத் தெரிகிற வரை என்னால் வேறு வேலை பார்க்க முடிவதில்லை.

நான் இன்னும் ரேஞ்சுக்குப் போகிறேன். அந்த விதி மறுபடி வரும், வந்தால் எதிர்த்துக் கடிதம் எழுதுவேன். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. மிச்சம் பத்துப் பேர். ஜூலையில் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். சாட்சியாக என் பெயரைக் கொடுத்தீர்கள், அன்று கேட்காமலே பதில் சொல்லிவிட்டேன், இப்போது கேட்கிறேன் என்று சொல்லி, அந்தக் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்குகிறார்களா, பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டேன். ஒருவர் சிரித்தார். ஒருவர், எங்க வீட்டையும் போலீஸ்ல சொல்லப் போறியா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார். இருவர் பொறுமையாகப் பதில் சொன்னார்கள், அவர்கள் சொன்னதை நம்பினேன். குஜராத்தி மருத்துவர், இதை நீ முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்றார்.

ஏழாவது வீட்டில் மனைவிதான் எடுத்தாள். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம். நான் சொன்னதையெல்லாம் 'ம்' கொட்டிக்கொண்டே கேட்டாள். மனநலம் பற்றிய கேள்விக்கு வந்ததும் அந்த 'ம்' நின்றது. பிறகு, "ஒரு நிமிஷம் அக்கா, வெளிய வந்து பேசறேன்" என்றாள். கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன்.